நொய்யல் நாணயங்களும் நூல்வழி மெய்யியலும்: கிரேக்க-உரோமானியத் தாக்கம் பற்றிய தமிழ் ஒப்பாய்வுகள் குறித்து ஒரு கருத்துரை

கொங்கு நாட்டின் நொய்யல் வட்டாரமும் அதனை அடுத்த பகுதிகளும் உரோமானிய நாணயங்களுக்குப் பெயர்பெற்றவை. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842, 1891, 1931 ஆகிய ஆண்டுகளில் நாணயப் புதையல்கள் வெளிப்பட்டன. நொய்யல் வட்டாரத்துக் கத்தாங்கண்ணியிலும் உடுமலை வட்டாரத்துப் பூதிநத்தத்திலும் வெள்ளி நாணயங்கள் கிடைத்துள்ளன. அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இரு பேரரசர்களின் காசுகளே இவற்றுள் மிகுதி. இந்த நாணயங்களைச் சான்றாக வைத்துத் தமிழ் ஒப்பாய்வில் அடிக்கடி எழுப்பப்படும் முடிவு ஒன்று உண்டு. காசு வந்தது; ஆதலின் கருத்தும் வந்திருக்கும். யவனர் மிளகும் மணியும் கொண்டு சென்றனர். ஆதலின் ஸ்டோயிக் மெய்யியலை இங்கே விட்டுச் சென்றிருப்பர், அல்லது தமிழர் அறத்தை அங்கே எடுத்துச் சென்றிருப்பர். இவ்விரு கூற்றுகளுள் எது விரும்பப்படுகிறது என்பது ஆய்வாளரின் சார்பைப் பொறுத்தது. இரண்டிலும் 'ஆதலின்' என்னும் சொல்லே ஆய்வு செய்ய வேண்டிய இடம். அங்கேயே ஆய்வு நின்றுவிடுகிறது.

வணிகம் எவற்றைச் சுமந்து செல்லும், எவற்றைச் சுமக்காது என்பதை அறியத் தொல்லியல் மட்டும் போதாது. திருப்பூர்-பல்லடம் சாலையில் உள்ள அருள்புரம் போன்ற பின்னலாடை ஊர்களை நோக்கினால் இவ்வினா தெளிவுபெறும். அங்கிருந்து ஐரோப்பியச் சந்தைகளுக்கு ஆடை செல்கிறது. அங்கிருந்து இங்கு வருவன அளவுப் பட்டியல், நிறச்சாயல் குறிப்பு, துணியின் எடைக்கணக்கு, ஒப்படைப்பு நாள், கடன் நிபந்தனை ஆகியவை. அண்மைக் காலமாகத் தொழிலாளர் நலன் குறித்த நெறிமுறைகளும் வருகின்றன. அவை ஐரோப்பிய அறவியல் விவாதங்களின் வழித்தோன்றல்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை தணிக்கைப் படிவமாக வருகின்றனவேயன்றி மெய்யியல் நூலாக வருவதில்லை. ஏற்றுமதி வளர்ச்சியைக் காட்டி, இவ்வூர்களில் காண்டின் கடமைக் கொள்கை பரவியது என எதிர்கால ஆய்வாளர் ஒருவர் எழுதுவாராயின் அவரிடம் நாம் கேட்கும் கேள்வியையே முதல் நூற்றாண்டுக்கும் கேட்க வேண்டும்: யார் சொன்னார், யார் கேட்டார், எம்மொழியில்?

வணிகர் கொண்டுசென்ற செய்தி

முசிறிக் கடலோடு தொடர்புடையதாக வியன்னாவில் பாதுகாக்கப்படும் பாப்பிரசு ஏடு 1985இல் வெளியிடப்பட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வேட்டின் ஒருபுறம் கடன் உடன்படிக்கை. மறுபுறம் எர்மப்பொல்லோன் என்னும் கப்பலின் சரக்கு மதிப்பீடு. கிரேக்க மொழியில் எழுதப்பட்டு முசிறியைப் பெயர் சுட்டிக் கூறும் மிக அரிய ஆவணம் அது. அதில் உள்ளவை எடை, விலை, சுங்கம், பொறுப்பு. அருள்புரத்து ஏற்றுமதியாளர் ஒருவர் மொழிபெயர்ப்பின் துணையோடு அதைப் படித்தால் அதன் தருக்கம் அவருக்கு உடனே விளங்கும். ஒப்பாய்வாளருக்கோ அது ஏமாற்றம் தரும். ஏனெனில் அதில் செனோவும் இல்லை, செனெக்காவும் இல்லை.

ஓர் ஏட்டில் இல்லாமையைக் கொண்டு முடிவு கூறலாகாது என்பது உண்மையே. ஆனால் கிரேக்க உலகின் கற்றோரே இது பற்றிக் கூறியுள்ளனர். ஸ்டோயிக் சார்புடைய நிலநூலாசிரியர் ஸ்திராபோன், எகிப்திலிருந்து இந்தியாவுக்குக் கலம் செலுத்தும் வணிகர் கல்லாதவர் என்றும், நிலத்தைப் பற்றிய அறிவுக்கு அவர்கள் பயன்படார் என்றும் தம் நூலின் பதினைந்தாம் பகுதியில் குறைபட்டுக்கொள்கிறார். சொற்பொழிவாளரும் மெய்யியலாளருமான தியோன் கிரிசொஸ்தோம், அலெக்சாந்திரிய மக்களுக்கு ஆற்றிய உரையில், அவையில் இந்தியர் சிலர் இருப்பதைக் குறிப்பிடுகிறார். கிரேக்க மெய்யியலாளர் ஒருவரின் பேச்சை இந்தியர் கேட்டதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. ஒப்பாய்வாளர் மகிழலாம். ஆனால் அதே தியோன் மற்றோர் உரையில், வணிகத்தின் பொருட்டுச் செல்வோர் இந்தியக் கடற்கரை மக்களோடு மட்டுமே கலக்கின்றனர் என்றும், அக்கடற்கரை மக்களை ஏனைய இந்தியர் மதிப்பதில்லை என்றும் எழுதுகிறார். வணிக வழி என்பது அறிவு வழி அன்று எனக் கிரேக்கரே கூறியிருக்க, அதை மறுப்பதற்குத் தமிழாய்வாளரிடம் வேறு சான்று இருக்க வேண்டும்.

தமிழ்ப் பக்கம் நிலைமை என்ன? சங்க நூல்களில் யவனர் உள்ளனர். அவர்கள் மது கொணர்கின்றனர், விளக்குச் செய்கின்றனர், பாசறையில் காவல் புரிகின்றனர், பொன்னோடு வந்து கறியோடு பெயர்கின்றனர். சிந்தனை கூறும் யவனர் ஒருவரும் இல்லர். இதில் மிகவும் கவனிக்கத்தக்கது மணிமேகலை. யவனத் தச்சரை அறிந்த காப்பியம் அது. அதே காப்பியத்தின் 27ஆம் காதையில் வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயக் கணக்கர்களைக் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதி தொடங்கிச் சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி எனப் பட்டியல் நீள்கிறது. வஞ்சி கருவூரே எனக் கொள்வோர் கருத்துப்படி நோக்கினால், உரோமானியக் காசு மிகுதியாகக் கிடைத்த நிலப்பரப்பின் தலைநகரிலேயே இந்த அறிவரங்கு நிகழ்கிறது. தச்சுக்கு யவனரை அழைத்த காப்பியம் தருக்கத்துக்கு யவனரை அழைக்கவில்லை. இது இன்மைச் சான்றுதான். ஆயினும் கொள்கைகளை எண்ணிப் பட்டியலிடுவதையே நோக்கமாகக் கொண்ட ஒரு பகுதியில் காணப்படும் இன்மை என்பதால் இதற்கு எடை அதிகம்.

நொய்யற்கரைக் கொடுமணல் அகழாய்வு இதனை வேறொரு பக்கத்திலிருந்து உறுதிசெய்கிறது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் அணிகலனுக்குப் பெயர்பெற்ற ஊராகக் கூறும் கொடுமணம் இதுவே என்பர். காங்கயம் அருகிலுள்ள படியூரின் நீலப்பச்சைக்கல் இங்கே மணியாகப் பட்டை தீட்டப்பட்டது. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நிகழ்த்திய அகழாய்வுகளில் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் பெருந்தொகையாகக் கிடைத்தன. அவற்றில் உள்ள பெயர்களில் தமிழும் பிராகிருதமும் கலந்துள்ளன. வணிகக் குழுவைக் குறிக்கும் நிகமம் என்னும் சொல்லும் உண்டு. கிரேக்கப் பெயர்கள் தம் இருப்பை இவ்வாறு உணர்த்தவில்லை. கருவூரை அடுத்த புகழூர் மலையில் சேர அரசமரபினர் சமண முனிவர்க்குப் படுக்கை அமைத்துத் தந்த கல்வெட்டுகள் உள்ளன. ஈரோட்டை அடுத்த அறச்சலூரில் மணி ஆராயும் வண்ணக்கன் ஒருவன் தாள எழுத்துகளைக் கல்லில் பொறித்திருக்கிறான். மணி வணிகத்தோடு தொடர்புடைய ஒருவன் என்ன எண்ணினான், எதை எழுதத்தக்கது எனக் கருதினான் என்பதற்கு நம்மிடம் உள்ள மிகச் சிறந்த சான்று அந்த இசைக் கல்வெட்டுதான். கொங்கு வணிகரின் அறிவுலகைத் தேடுவோர் ஏதென்சுக்குச் செல்லுமுன் அறச்சலூருக்குச் செல்வது நலம்.

மிதவையும் வண்டியில் கட்டிய நாயும்

தாக்கத்தை மறுத்த அளவில் ஒப்புமை மறைந்துவிடாது. வரலாற்றுத் தொடர்பு இல்லாத இரு மரபுகளை அருகில் வைத்து நோக்குவது ஒப்பிலக்கியத்தில் ஏற்கப்பட்ட முறையே. அம்முறையில் எழுதப்படும் ஆய்வுகளின் குறை வேறு. ஒத்த வரிகளைக் கண்டவுடன் அவை நின்றுவிடுகின்றன; வேறுபடும் இடத்துக்கு வருவதில்லை.

புறநானூற்று 192ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். கணியன் பூங்குன்றனாரின் இப்பாடல் ஸ்டோயிக்கரின் உலகக் குடிமைக் கொள்கையோடு ஒப்பிடப்படுவது வழக்கம். ஊர், உறவு என்னும் எல்லைகளைக் கடக்கும் அதன் தொடக்கத்தை மட்டும் படித்தால் ஒப்புமை வலுவாகவே தோன்றும். ஆனால் பாட்டின் நடுவில் உள்ள உவமைக்கு வர வேண்டும். மலையாற்றின் பெருக்கில் அகப்பட்ட தெப்பம் போல் உயிர் முறையின் வழியே செல்கிறது என்பது அங்குள்ள காட்சி. ஊழைப் பற்றி ஸ்டோயிக்கர் கூறிய உவமை ஒன்றை இப்போலித்துஸ் பதிவுசெய்துள்ளார். செனோவுக்கும் கிரிசிப்புசுக்கும் உரியதாகக் கூறப்படும் அவ்வுவமையில், மனிதன் வண்டியில் கட்டப்பட்ட நாய்க்கு ஒப்பிடப்படுகிறான். நாய் விரும்பினால் வண்டியோடு ஓடும். விரும்பாவிடின் இழுத்துச் செல்லப்படும். எப்படியும் வண்டி போகும் இடத்துக்கே போக வேண்டும்.

இரண்டும் ஊழைக் கூறும் உவமைகளே. ஆயினும் நாய்க்கு உடன்பாடு என ஒன்று உண்டு. தெப்பத்துக்கு அது இல்லை. ஸ்டோயிக் அறவியலின் உயிர்நாடியே அந்த உடன்பாடு. நிகழ்வதற்கு அறிவோடு இசைதல் என்பதில்தான் அவர்கள் மனித விடுதலையை வைத்தனர். உலகம் பகுத்தறிவால் ஆளப்படும் ஒரு நகரம், மனிதன் அதன் குடிமகன் என்னும் கொள்கை அதனோடு சேர்ந்தது. செனெக்கா ஓய்வு பற்றி எழுதிய நூலில் சிறு குடியரசு, பெருங்குடியரசு என இரண்டைக் கூறி, பெருங்குடியரசுக்கு ஓய்விலும் தொண்டாற்ற இயலுமா என வினவுவது இந்த அடிப்படையில்தான். பூங்குன்றனார் பாட்டில் நகரமும் இல்லை, குடிமையும் இல்லை. அங்கே இருப்பது ஊர், கேள். அப்பாட்டு முடியும் இடமும் தனித்தன்மை உடையது. பெரியோரைக் கண்டு வியவாமை, சிறியோரை இகழாமை என்னும் உறவொழுக்கத்தில் அது முடிகிறது. வள்ளல்களைப் புகழ்ந்து வாழ்ந்த பாணர், புலவர் உலகில் ஒருவர் பெரியோரை வியப்பதில்லை எனக் கூறுவதன் கூர்மையை ஸ்டோயிக் ஒப்பீடு காட்டாது. புறநானூற்றுக்குள் ஏனைய பாடல்களோடு வைத்துப் படிப்பதே காட்டும். முறை, ஊழ் பற்றிய அப்பாட்டின் கருத்தைக் க. நெடுஞ்செழியன் முதலியோர் ஆசீவக மரபோடு இணைத்தனர். அக்கருத்து முழுமையாக ஏற்கப்பட்டதன்று. ஆயினும் அது தேடும் திசை சரியானது. மணிமேகலையின் பட்டியலில் ஆசீவகவாதி இருக்கிறான்.

இங்கே ஓர் எச்சரிக்கை மறுதிசையிலும் தேவைப்படுகிறது. செனெக்கா இளமையில் ஓராண்டு புலால் உண்ணாதிருந்தார். இதனைத் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தோடு இணைத்து இந்தியத் தாக்கம் எனக் கூறும் ஆசை எழுவது இயல்பு. அவர் இந்தியாவைப் பற்றி ஒரு நூலும் எழுதினார், அது கிடைக்கவில்லை. 60 ஆறுகளையும் 118 மக்களினங்களையும் அது கணக்கிட்டதாகப் பிளினி கூறுவதால் மட்டுமே அதன் தன்மை ஓரளவு தெரிகிறது. இவ்வளவு வாய்ப்பான சூழல் அமைந்தும், தம் 108ஆம் மடலில் செனெக்கா புலால் மறுத்ததற்குத் தரும் காரணம் வேறு. தம் ஆசிரியர் சோத்தியோனையும் அவர் வழியாகப் பித்தகோரசையும் செக்ஸ்தியுசையும் அவர் பெயர் சுட்டிக் கூறுகிறார். திபேரியஸ் ஆட்சியில் அயல்நாட்டு வழிபாடுகள் ஐயுறப்பட்ட காலத்தில், தந்தையின் வேண்டுகோளால் மீண்டும் புலால் உண்ணத் தொடங்கியதையும் சொல்கிறார். கத்தாங்கண்ணிக் காசில் முகம் பொறித்த அதே திபேரியஸ்தான். ஆசிரியரே தம் மூலத்தைக் கூறியிருக்கும்போது நாம் வேறு மூலம் கற்பிக்க இயலாது.

நடுவு எது?

அரிஸ்டாட்டிலின் நடுமைக் கொள்கையைத் திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தோடு இணைப்பது இதைவிடப் பரவலானது. அரிஸ்டாட்டில் நிக்கொமாக்கிய அறவியலின் இரண்டாம் பகுதியில் விளக்கும் மெசோதெஸ் என்பது மிகைக்கும் குறைக்கும் இடைப்பட்ட நிலை. கோழைமைக்கும் கண்மூடித் துணிதலுக்கும் இடையில் வீரம். கஞ்சத்தனத்துக்கும் ஊதாரித்தனத்துக்கும் இடையில் ஈகை. இதனை 'நடுநிலை' எனத் தமிழ்ப்படுத்திய கணமே அது பன்னிரண்டாம் அதிகாரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. வள்ளுவர் அங்கே பேசுவது இரு உணர்ச்சிகளுக்கு இடைப்பட்ட நிலையை அன்று. பகை, நொதுமல், நட்பு என்னும் பகுதிதோறும் ஒருபால் கோடாமையை. 118ஆம் குறளின் துலாக்கோல் உவமை அதனை ஐயமின்றிக் காட்டுகிறது. துலாக்கோல் தராதரம் காணும் கருவி. அது மிகைக்கும் குறைக்கும் இடையில் நிற்கும் குணம் அன்று.

இங்கே ஒப்பீடே தவறு என்பது இதன் பொருளன்று. ஒப்பிட்ட இடம்தான் தவறு. அரிஸ்டாட்டிலின் அதே நூலில் ஐந்தாம் பகுதி நீதியைப் பற்றியது. வழக்காடும் இருவருக்கு நடுவே நின்று இழப்பையும் ஆதாயத்தையும் சமன் செய்பவரே நீதிபதி என்பதும், சில இடங்களில் நீதிபதியை 'இடையர்' என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தனர் என்பதும் அங்கே வருகின்றன. நடுவு நிலைமை அதிகாரத்துக்கு உரிய இணை இப்பகுதியே. பரிமேலழகரோடு இதனை வைத்துப் படித்தால் ஒரு நல்ல ஆய்வேட்டுக்குப் பொருள் கிடைக்கும்.

மெசோதெசுக்குத் திருக்குறளில் இணை வேண்டுமாயின் அதுவும் உண்டு; ஆனால் யாரும் தேடாத இடத்தில். மருந்து அதிகாரத்தின் முதற்குறள், மிகுதலும் குறைதலும் நோய் செய்யும் என்கிறது. அரிஸ்டாட்டில் தம் நடுமைக் கொள்கையைத் தொடங்கும் இடத்தில் எடுத்துக்காட்டாகத் தருவதும் உணவும் உடல்நலமுமே. மிகையான உணவும் குறைவான உணவும் உடலைக் கெடுக்கும் என்கிறார். இருவரும் மருத்துவரிடமிருந்து கருத்தைப் பெற்றனர். வள்ளுவர் வளி முதலாகிய மூன்றை எண்ணிய நூலோரைக் குறிப்பிடுகிறார்; அரிஸ்டாட்டிலோ மருத்துவர் குடும்பத்தில் பிறந்தவர். வேறுபாடு இதற்குப் பின் தொடங்குகிறது. அரிஸ்டாட்டில் மருத்துவ எடுத்துக்காட்டை அறவியல் முழுவதற்கும் அடித்தளமாக விரித்தார். வள்ளுவர் அதனை மருத்துவத்தோடு நிறுத்திக்கொண்டு, பொருட்பாலில் வைத்தார். ஏன் நிறுத்தினார்? அறத்தை அளவாகக் காணாமல் கடப்பாடாகக் கண்டதாலா? இத்தகைய வினா எழும்போதுதான் ஒப்பீடு பயன் தருகிறது.

1730

இவ்வளவும் கூறியபின், கிரேக்க-உரோமானிய மெய்யியல் தமிழைத் தொடவே இல்லை எனச் சிலர் கருதக்கூடும். அது தவறு. அது தொட்டது; ஆழமாகவே தொட்டது. நொய்யற்கரை வழியாக அன்று, நூல் வழியாக. முதல் நூற்றாண்டில் அன்று, பதினேழாம் நூற்றாண்டு முதல்.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, அக்குவினாசின் வழியில் அரிஸ்டாட்டிலைக் கற்ற இயேசு சபையினர். 'ஞானோபதேசம்', 'ஆத்தும நிருணயம்' முதலிய அவருடைய தமிழ் நூல்களில் முதற்காரணம், ஆன்மாவின் இயல்பு பற்றிய வாதங்கள் அந்தப் பள்ளியிலிருந்து வந்தவை. கிரேக்கத் தருக்க முறை தமிழ் உரைநடைக்குள் நுழைந்த வாயிலை இங்கே தேடலாம். வடமொழிக் கலைச்சொற்களைக் கொண்டு அரிஸ்டாட்டிலியத்தைத் தமிழில் எழுத முயன்றதன் விளைவாக அச்சொற்களின் பொருள் எவ்வாறு அசைந்தது என்பது இன்னும் விரிவாக ஆராயத்தக்கது. சமயப் பரப்புரை நூல்கள் எனத் தமிழ்த் துறைகள் இவற்றை ஒதுக்கிவைப்பது இழப்பு.

வீரமாமுனிவர் 1730இல் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். இன்பத்துப்பாலை விட்டுவிட்டார். திருக்குறளும் உரோமானிய அறவியல் சொற்களும் உறுதியாகச் சந்தித்தன என நாம் ஆண்டு சுட்டிக் கூறக்கூடிய இடம் இதுவே. இலத்தீனில் அறத்தைக் குறிக்க எச்சொல்லைத் தேர்ந்தாலும், அச்சொல் சிசெரோவின் கடமை நூலையும் செனெக்காவின் மடல்களையும் சுமந்தே வரும். உரோமானியர் ஸ்டோயிக் கருத்துகளைத் தம் மொழிக்குக் கொணர்ந்தபோது உருவாக்கிய சொற்கள் அவை. அதன்பின் கார்ல் கிரௌலின் இலத்தீன் மொழிபெயர்ப்பு வந்தது. 1886இல் வெளிவந்த ஜி.யு. போப்பின் ஆங்கிலப் பதிப்பு வீரமாமுனிவரின் இலத்தீனையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. வள்ளுவர் மயிலைக் கடற்கரையில் கிறித்தவ ஆசிரியரோடு உரையாடியதாகப் போப் கற்பனை செய்தது அனைவரும் அறிந்ததே. தமிழறிஞர் அதனை மறுத்தனர். ஆனால் வள்ளுவர் யவன மெய்யியலாளரோடு உரையாடினார் என்றால் அதே மறுப்பு எழுவதில்லை. இரண்டுக்கும் உள்ள சான்று ஒன்றே, அதாவது எதுவுமில்லை.

இங்கே ஒரு சுழற்சி உருவாகிறது. இலத்தீன் அறவியல் பயிற்சியுடைய ஐரோப்பியர் குறளைத் தம் சொற்களில் பெயர்த்தனர். அம்மொழிபெயர்ப்பு மரபின் ஆங்கிலத்தில் குறளைப் பயின்ற தமிழாய்வாளர், ஆங்கிலத்தில் கிடைக்கும் செனெக்காவையும் மார்க்கஸ் அவுரேலியசையும் அருகில் வைக்கின்றனர். சொற்கள் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? மொழிபெயர்ப்பாளர் இட்ட சொல்லையே ஆய்வாளர் கண்டெடுக்கிறார்.

இச்சுழற்சியை அறுக்கும் தகுதி தனிநாயக அடிகளுக்கு இருந்தது. உரோமையில் பயின்று இலத்தீனை நேரே கற்றவர் அவர். இந்தியச் சிந்தனையும் உரோமானிய ஸ்டோயிக்கமும் என்னும் பொருளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் உரையாற்றியவர். தமிழையும் இலத்தீனையும் மூலத்தில் படிக்க வல்ல ஒருவர் செய்த ஒப்பீட்டை, இரண்டில் ஒன்றை மட்டும் அறிந்தோர் மேற்கோளாக்கித் தாக்கத்துக்குச் சான்றாக்குவது அவருக்கு நியாயம் செய்வதாகாது.

க. கைலாசபதியின் எடுத்துக்காட்டு இன்னும் கூர்மையானது. பர்மிங்காமில் கிரேக்கவியல் அறிஞர் ஜார்ஜ் தாம்சனின் மேற்பார்வையில் ஆய்ந்து, 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வழியே 'தமிழ் வீரநிலைக் கவிதை' பற்றிய ஆங்கில நூலை வெளியிட்டார். ஓமர் ஆய்வில் உருவான வாய்மொழிக் கோட்பாட்டைச் சங்கப் பாடலுக்குப் பொருத்திய அந்நூலின் முடிவுகளை ஏற்காதோர் பலர். ஆயினும் கிரேக்கவியல் தமிழாய்வில் ஏற்படுத்திய தாக்கத்துக்கு ஆண்டும் ஆளும் நூலும் சுட்டக்கூடிய சான்று அது. அதே தாம்சன் 1955இல் எழுதிய முதல் மெய்யியலாளர் பற்றிய நூலில், நாணயப் புழக்கமும் சரக்கு உற்பத்தியுமே கிரேக்கரிடம் அருவச் சிந்தனையைத் தோற்றுவித்தன என வாதிட்டார். அக்கொள்கைக்கு நொய்யல் வட்டாரத்தைவிட நல்ல உரைகல் தமிழகத்தில் இல்லை. புதையலாகக் கிடைக்கும் உரோமானிய வெள்ளி இங்கே காசாகப் புழங்கியதா, உலோகமாகச் சேமிக்கப்பட்டதா? சேரர் தாமே வெளியிட்ட காசுகள் எவ்வளவு தூரம் பரவின? காசு வந்தும் கிரேக்க மெய்யியல் போன்ற ஒன்று எழவில்லை என்றால் தாம்சன் தவறா, அல்லது எழுந்ததை நாம் வேறு பெயரில் அழைக்கிறோமா? கிரேக்கர் நமக்கு என்ன தந்தனர் என்னும் தேய்ந்த வினாவைவிட இவை மதிப்புடையன.

மேடைத் தமிழில் சாக்ரடீஸ் பெற்ற வாழ்வையும் இவ்வகையில் சேர்க்கலாம். வெ. சாமிநாத சர்மா பிளேட்டோவைத் தமிழில் தந்தார். 1956இல் வெளிவந்த 'ராஜா ராணி' திரைப்படத்தில் மு. கருணாநிதியின் வசனத்தில் சிவாஜி கணேசன் சாக்ரடீசாக நஞ்சருந்தினார். பெரியாரைச் சாக்ரடீசோடு ஒப்பிடும் வழக்கும் நிலைபெற்றது. நூலகம் காணாத பலரையும் ஏதென்சின் பெயர் இவ்வழியே எட்டியது. ஸ்டோயிக் வரிகளைக் குறளோடு பொருத்துவதற்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கு இதற்குச் சென்றால், பகுத்தறிவு இயக்கம் கிரேக்கரை எப்படித் தேர்ந்தெடுத்தது, எவரை விட்டது என்பது விளங்கும். சாக்ரடீசுக்கு மேடை கிடைத்தது. அரிஸ்டாட்டிலுக்கு ஏன் கிடைக்கவில்லை?

இவற்றைச் செய்யத் தடையாக இருப்பது மொழியறிவு. தமிழ்த் துறைகளில் ஒப்பிலக்கியம் ஒரு தாளாக உள்ளது. அதில் கிரேக்கரும் உரோமானியரும் பெயராக உள்ளனர். அவர்களின் மொழி இல்லை. ஆய்வேட்டின் தலைப்பில் 'தாக்கம்' என்னும் சொல் இடம்பெற்றால், வழி, காலம், மொழி, ஆள் ஆகிய நான்கையும் காட்டும் ஓர் இயலை நெறியாளர்கள் கட்டாயமாக்கலாம்; காட்ட இயலாதபோது 'ஒப்புமை' எனத் தலைப்பை மாற்றி, வேறுபாட்டுக்கு ஓர் இயல் ஒதுக்கச் சொல்லலாம். இதற்கு நிதி வேண்டியதில்லை. அடுத்த படிக்குச் சிறிது நிதி வேண்டும்: இலத்தீனில் ஓராண்டுச் சான்றிதழ் வகுப்பு. தமிழகக் குருமடங்களில் இலத்தீன் அறிந்த ஆசிரியர்களைத் தேடிக் கண்டுகொள்ள இயலும். அவர்களைத் தமிழ்த் துறைக்கு அழைப்பதில் தயக்கம் வேண்டியதில்லை. அவ்வகுப்பின் முதற்பாடமாக வீரமாமுனிவரின் இலத்தீன் குறளிலிருந்து நடுவு நிலைமை அதிகாரத்தின் பத்துக் குறள்களையும் மருந்து அதிகாரத்தின் முதற்குறளையும் வைக்கலாம். அவர் துலாக்கோலுக்கும் நடுவுக்கும் மிகைக்கும் குறைக்கும் எச்சொற்களை இட்டார், அச்சொற்கள் சிசெரோவிடம் எப்பொருளில் வந்தன என்று மாணவர் தாமே எழுதிப் பார்க்கட்டும்.